க்வைட் என்றால் எவ்வளவு

இங்கிலாந்திலிருந்து அந்த அழைப்பு வந்தபோது நான் சோமனூரில் எங்கள் தறிக்கூடத்துக்குள் இருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தேன். பேசியது, என் மகளோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் வெள்ளைக்காரப் பெண். கடுமையான வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். பிறகு, "ஷி இஸ் க்வைட் இல்" என்றாள். மேலே கேட்பதற்குள் யாரோ அவளை அழைத்தார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மகளின் போன் அணைந்திருந்தது.

க்வைட் எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. 'மிகவும்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மகளுக்கு மிகவும் முடியவில்லை என்று நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை. போனிலேயே அகராதியைத் திறந்தேன். முதல் பொருள் 'முழுவதும்'. அதற்குக் கீழேயே 'ஓரளவு'. லாரிகள் போய் வரும் ரோட்டோரத்தில் நின்று அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இவ்வளவு பெரிய தேசம் இதை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறது என்று கோபம்கூட வந்தது.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இருக்கும் பாய் ஞாபகம் வந்தது. எங்களிடம் துணி எடுத்து லண்டனுக்கு அனுப்புகிறவர். தினமும் அந்த ஊர்க்காரர்களோடு பேசுகிறவர். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம துணியத் தொட்டுப் பாத்துட்டு லண்டன்காரன் 'க்வைட் குட்'னா அந்த ஆர்டர் போச்சுங்க. சுமார்தான், வேண்டாம்னு அர்த்தம். அதே வார்த்தைய அமெரிக்காக்காரன் சொன்னா, ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னு அர்த்தம்."

"அப்போ பாப்பாவுக்கு ஓரளவுதான் முடியலைங்கறீங்களா பாய்?"



"நோவு நொடின்னா அவிங்க எப்பவும் கொறச்சுத்தான் சொல்லுவாங்க. அத எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க மொதல்ல ஊட்டுக்குப் போங்க. நான் வாரேன்."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே எப்படிச் சொல்வதென்று தீர்மானித்திருந்தேன்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு முடியலையாமா."

அவள் கையிலிருந்த துண்டை அப்படியே கீழே வைத்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம்னு சொல்லாதீங்க. எங்கப்பா போனப்பவும் நீங்க கொஞ்சம்னுதான் சொன்னீங்க."

கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன், அந்த ஆங்கில வார்த்தை உட்பட. அதற்கு என்ன அர்த்தம் என்றாள். தெரியவில்லை என்றேன். இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாய் வந்து சேர்ந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தபடி, லண்டனில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் மகள் இருந்த ஊருக்குப் பக்கத்தில் இல்லை.

பொழுது சாயும்போது அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். குடல்வால் வெடித்திருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும். ஆபரேஷன் முடிந்துவிட்டது. மகள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே அழுதாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. என்னைப் பயமுறுத்தக் கூடாதென்று அவளும் அந்தச் சின்ன வார்த்தையைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

விடுமுறைக்கு மகள் வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"படுத்துக் கெடந்தப்ப வேற வேல இல்லீங்கப்பா. நீங்க அன்னைக்குப் பட்ட பாட்டச் சொன்னீங்கல்ல, அந்த வார்த்தைய நோண்டிப் பாத்தேன்."

லத்தீனில் அது 'ஓய்ந்திருப்பது' என்ற சொல்லாம். அமைதியைக் குறிக்கும் க்வயட்டும் அதே வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, கடன், வழக்கு என எந்தப் பிடியும் இல்லாமல் விடுபட்டது என்று பொருள். மிச்சமில்லாமல் விடுபட்டதால் அது 'முழுக்க' ஆனது. காலகாலமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்து 'ஓரளவு' என்றும் ஆகிவிட்டது. க்வைட் எம்ப்டி என்றால் இன்றைக்கும் அடியோடு காலிதான்.

"நம்ம 'ரொம்ப'வும் அப்படித்தானுங்கப்பா. 'நிரம்ப'ங்கறதுதான் 'ரொம்ப' ஆயிருக்குது. இப்ப ஒருதடவ சொன்னா யாரு நம்பறா? ரொம்ப ரொம்பன்னு ரெண்டுதடவ சொல்ல வேண்டியிருக்குது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தட்டில் இன்னும் எவ்வளவு சாதம் மிச்சமிருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போகும் நாளில் என் மனைவி காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைத் துண்டில் சுற்றி அவள் பெட்டிக்குள் வைத்தாள்.

"முடியலைன்னா எத்தன டிகிரின்னு சொல்லு அம்மணி. கொஞ்சம், ரொம்ப எல்லாம் வேண்டாம்."

"வயித்து வலின்னா இது எப்படிம்மா காட்டும்?" என்றாள் மகள்.

என் மனைவி பெட்டியை அழுத்தி மூடினாள்.