பாதி மாத்திரை

கைக்குழந்தையோடு, எங்கள் நாயைத் தடுப்பூசி போட ஈப்போவில் ஒரு மிருக கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தபோது, அங்கே அவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, ஒடுங்கிய தோள். லகாட் பக்கத் தோட்டமொன்றில் காவலாளியாக இருந்தவராம். காலடியில், மூட்டுவாதம் வந்த கிழட்டு நாய். அது எழ முயலும்போதெல்லாம் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, "மெல்லலா, மெல்ல" என்பார்.

கேட்கலாமா என்று யோசித்து யோசித்துத்தான் கேட்டேன். "மாத்திரை குடுக்குறீங்களாண்ணே?"

"பாதிதாம்மா. முழுசா குடுத்தா வலி விட்டுப் போயி, நாங்க முந்தி இருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்துடும்லா. லயத்த ஒடச்சாச்சு, இப்ப அங்க பெரிய ரோடு. நடுவுல போய்ப் படுத்துக்குது. அன்னிக்கு ரோட்டுல வேகமா வந்த காடி அது மேல ஏறப் பாத்துச்சு."

"கட்டி வைக்கலாமே?"

"கழுத்து அறுந்து ரத்தம் வர்ற வரைக்கும் இழுக்குது."

"பாதின்னா வலிக்குமே அண்ணே."

"வலிக்கும். எங்கூட இருந்து வலிக்கட்டும்."

அவர் உள்ளே போனதும் டாக்டரம்மாவின் குரல் வெளியே கேட்டது. "வலி கொறையவே இல்லையே. தெனமும் முழு மாத்திரைதானே குடுக்குறீங்க?"

"ஆமா டாக்டர்."

"அப்ப இதவிட ஸ்ட்ரோங்கா தரேன்."

மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்தவர், குழந்தையை மடியில் வைத்திருந்த என் முன்னால் நின்றார்.

"இதுல கால்வாசி போதும், இல்லம்மா?"