கட்டை சவரிக்குக் கிடைத்த கைதட்டல்

அரியலூர் பக்கம் கிரிக்கெட் என்று பேச்செடுத்தால், அடித்து நொறுக்கியவர்களின் கதையைத்தான் சொல்வார்கள். சவரிமுத்துவின் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆட வந்தான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பந்து வந்தால் மட்டையை நேராக வைத்துத் தடுப்பான். அடுத்த பந்தையும் தடுப்பான். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர்கள் ஒரு தூக்கம் போட்டுத் திரும்பி வந்து பார்த்தாலும் அவன் அதே இடத்தில்தான் இருப்பான், ரன்னும் அதே இடத்தில்தான் இருக்கும். ஊர் அவனுக்குக் கட்டை சவரி என்று பெயர் வைத்திருந்தது.

அது எழுபதுகளின் கடைசி. சவரிமுத்து வரதராசன்பேட்டைக்காரன். அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற பகுதியில் தினக்கூலி. வருடக்கணக்காகத் தினக்கூலிதான். ஆலையின் கிரிக்கெட் அணிக்கு முதல் ஆளாக மட்டை பிடிப்பவனும் அவன்தான். மேனேஜருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். அணியில் நன்றாக ஆடுகிறவர்களை ஒவ்வொருவராக நிரந்தரமாக்கிக்கொண்டு வந்தார். சவரியோடு ஒரே அறையில் தங்கியிருந்த பூலாம்பாடி பழனிவேல், சவரிக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். அவன் நிரந்தரமாகிவிட்டான். சவரி இன்னும் காத்திருந்தான்.

"பந்து அடிக்கத்தான்டா வருது. அத எதுக்குடா ஒக்கார வச்சுக் கொஞ்சுற?" என்பான் பழனிவேல்.

"ஒனக்குத் தெரியாது. டெஸ்ட் மேட்ச்சுல நிக்கிறவனுக்குத்தான் மரியாதை" என்பான் சவரி.

இந்த ஞானம் அவனுக்கு ரேடியோவில் கிடைத்தது. டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடை வாசலில் பழியாகக் கிடப்பான். வர்ணனை முழுக்க இங்கிலீஷ். அவனுக்கு ஸ்கோரும் ஆட்டக்காரர்களின் பெயர்களும் மட்டும்தான் புரியும். மற்றதையெல்லாம் சத்தத்தை வைத்து அவனே யூகித்துக்கொண்டான். நாலு ரன் போனால் ஜனம் கத்தும், அடங்கிவிடும். ஆனால் ஒருவன் ரன்னே எடுக்காமல் மணிக்கணக்கில் நிற்கும்போது வேறொரு சத்தம் வரும். மைதானம் முழுவதும் ஒன்று சேர்ந்து, ஒரே தாளத்தில், நிதானமாகக் கைதட்டும். அது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. கோயில் திருவிழாவில் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து தட்டுகிற மாதிரி இருக்கும். சவரிக்கு மயிர்க்கூச்செறியும். அடித்தவனுக்கு ஒரு கூச்சல், நின்றவனுக்கு இத்தனை பெரிய மரியாதை என்று முடிவு கட்டிவிட்டான். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கேட்கிற அளவுக்கு அதில் சந்தேகம் இருந்தால்தானே?

ஆலை மைதானத்திலும் அதே தாளம் அவனுக்காகக் கேட்டது. கொதிக்கிற வெயிலில் அவன் ஒற்றை ரன்கூட எடுக்காமல் நிற்க, வேலியோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்று சேர்ந்து தட்டினார்கள். சவரி மட்டையை உயர்த்தி அவர்களுக்கு நன்றி காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சந்தோஷப்படுகிறார்கள் என்று அவனும் சிரித்தான். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

வரதராசன்பேட்டையில் ஆரோக்கிய செல்வி இருந்தாள். அடைக்கலசாமி வாத்தியாரின் மகள். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. வாத்தியாரும் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர்.

"தம்பி, ஒன்னப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேலை மட்டும் நிரந்தரமாவட்டும். மறுநாளே பேசி முடிச்சிருவோம். ஆனா வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு ரொம்ப நாளு ஒக்காந்திருக்க முடியாதுப்பா. வர்ற ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன்."

சவரிக்கு நியாயம் புரிந்தது. வேலை கிடைத்தால் செல்வி, கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அந்த வருடப் பொங்கலுக்கு மெட்ராஸில் டெஸ்ட் மேட்ச். பழனிவேல் எப்படியோ அதில் ஒரு நாளைக்கு மட்டும் இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டான். இருவரும் ராத்திரி ரயிலேறிப் போய், எழும்பூரில் பல் துலக்கிவிட்டு, சேப்பாக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார்கள். சவரி டெஸ்ட் மேட்ச்சைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல்முறை. அவன் அதிர்ஷ்டம், மட்டை பிடிக்க வந்தவனும் அவனைப் போல நிற்கிற ஜாதிதான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று தடுத்துக்கொண்டே இருந்தான். மத்தியானம் தாண்டியதும் கைதட்டல் ஆரம்பித்தது. ரேடியோவில் கேட்ட அதே சத்தம்! சவரி துள்ளி எழுந்து கை சிவக்கச் சிவக்கத் தட்டினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த மெட்ராஸ்காரர் அவனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், நீயும் கடுப்பாயிட்டியா?"

"கடுப்பா? பாராட்டித்தானங்க தட்டுறோம்?"

"பாராட்டா? நல்லா இருக்குதே. காசு குட்த்து வந்து இவன் மூஞ்சியப் பாக்கறதுக்கா? அடி, இல்லாங்காட்டி எடத்த காலி பண்ணுன்னு தட்றோம், சார்!"

சவரி கையை இறக்கினான். சுற்றிலும் பார்த்தான். தட்டியவர்கள் எல்லோருடைய முகத்திலும் கேலி அப்பட்டமாகத் தெரிந்தது. ரேடியோவில் முகம் தெரிவதில்லை. அவன் மெதுவாகப் பழனிவேலைத் திரும்பிப் பார்த்தான். பழனிவேல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்டா" என்றான் பழனிவேல், இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. "நீ அவ்வளவு சந்தோசமா மட்டையத் தூக்கிக் காட்டுறப்ப, நான் எப்படிடா சொல்றது?"

 திரும்பும்போது ரயிலில் சவரிக்கு, ஆலை மைதானத்து வேலியோரம் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. பேக்கிங் பிரிவின் ஆட்கள், கேன்டீன் ஆட்கள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். இத்தனை வருடமும் அத்தனை பேரும் காறித் துப்ப, அதைப் பன்னீர் என்று வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டிருக்கிறோமே என்று கூசிப்போனான். ரயிலிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மாசி மாதம் அந்த வருடக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. திருச்சியிலிருந்து வந்த பலமான அணியோடு இரண்டு நாள் மேட்ச். ஆட்டம் முடிவில்லாமல் நின்றுபோனால், முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர்களுக்குக் கோப்பை. முதல் இன்னிங்ஸில் ஆலைதான் சொற்ப ரன்னில் முந்தியிருந்தது. ஆனால் இரண்டாம் நாள் கடைசி இன்னிங்ஸில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. பழனிவேல் வழக்கம்போல் அடித்தான், வானத்துக்கு அடித்து அவுட்டானான். சவரி மட்டும் ஒரு பக்கம் நின்றான். தேநீர் இடைவேளையில் மேனேஜர் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"சவரி, ரன்னே வேணாம். அஞ்சு மணி வரைக்கும் நில்லு, போதும். கப்பு நமக்கு. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு, நாளைக்கே ஆர்டர் போட்டுத் தரேன்."

பிறந்ததிலிருந்து அவன் கேட்க ஏங்கிய வார்த்தை. நிற்பதற்குக் கூலி! உலகத்தில் சவரிமுத்துவைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் உண்டா?

அவன் போய் நின்றான். ஒரு பந்து, இன்னொரு பந்து, ஒரு ஓவர், இன்னொரு ஓவர். எதிர்முனையில் இருந்தவர்களும் போய், கடைசி ஆள் வந்தான். இனி ஒரு விக்கெட் விழுந்தால் கோப்பை திருச்சிக்கு. நாலரை மணி தாண்டியிருக்கும். அப்போது வேலியோரத்தில் ஒருவர் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். மைதானத்தைச் சுற்றி அந்தத் தாளம் எழும்பியது. அவன் ஒவ்வொரு பந்தைத் தடுக்கும்போதும் அது இன்னும் கெட்டியானது.

சவரிக்குக் காது அடைத்தது. இன்றுமா? இன்றைக்குமா இவர்களுக்குக் கேலி? திரும்பிப் பார்க்கவே அவமானமாக இருந்தது.  பந்துவீச்சாளன் ஓடி வந்தான். ஒரேயொரு முறை, இந்த வாய்களை அடைப்பதற்காக ஒரேயொரு முறை என்று சவரி இறங்கிப் போய், ஆயுளில் முதல்தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான்.

ஸ்டம்ப் விழுந்த சத்தம் கேட்டது. கைதட்டல் பட்டென்று நின்றுபோனது.

திருச்சிக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மேனேஜர் சவரியின் எதிரில் வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"நீ நிப்பேன்னு ஒன்னுதான்யா நான் நம்பினேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு பழனிவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சவரி மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குக்கூட கிண்டல் பண்றானுவளேன்னு பொறுக்க முடியலடா" என்றான்.

பழனிவேல் அவனையே பார்த்தான். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான். "அடப் பாவி! இன்னிக்கு நெசமாவே தட்டுனாங்கடா. நம்ம ஆளுவ அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க. ஒருதரம், ஒரே ஒருதரம் திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

சவரி ஆளில்லாத வேலியோரத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். 

அந்த வருடம் நிரந்தரமானவர்களில் அவன் இல்லை. ஈஸ்டர் வந்தது, போனது. வாத்தியார் சொன்ன சொல் தவறாதவர். உடையார்பாளையத்தில் ஒரு ஆசிரியர் மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டதாகக் காதில் விழுந்தது. சவரி அதை நம்பவில்லை. ஊரில் ஆயிரம் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இனி அவனுக்கு ஆட்டம் கிடையாது. அதனால் ரொம்ப நாளைக்குப் பிறகு ஊருக்குப் போய்ச் சர்ச்சில் பூசைக்கு உட்கார்ந்தான். பூசை முடியும் தறுவாயில் சாமியார், நிச்சயமான கல்யாணங்களைச் சபைக்கு அறிவிக்கிற திருமண ஓலையை வாசித்தார். அடைக்கலசாமி, செபஸ்தியம்மாள் இவர்களின் குமாரத்தி ஆரோக்கிய செல்வி என்றார். மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். இவர்களுக்குள் ஏதேனும் விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள், இது முதலாம் ஓலை என்றார்.

பெண்கள் பக்கத்தில் செல்வி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அவன் பார்த்தான். மனசு கதறியது. எழுந்து நின்று என்ன விக்கினத்தைச் சொல்வது? அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறு ஒருமுறை, அதற்கடுத்த ஞாயிறு ஒருமுறை என்று அதே பெயர்களை இன்னும் இரண்டு தடவை வாசிப்பார்கள்.