உடம்பில் ஏதாவது தெரிகிறதா?

சோதித்துப் பார்க்காத உடம்பை நலமான உடம்பு என்பதா, நோயுள்ள உடம்பு என்பதா? மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த சீல் அக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது படிவத்தின் ஆறாவது வரி: ‘உடம்பில் ஏதாவது தெரிகிறதா? ஆம் / இல்லை.’

‘நிராகரிக்கப்பட்டது’ என்ற சிவப்பு முத்திரை அவர் மேசையில் இருந்ததால் அந்தப் பெயர். உடம்பில் ஒரு குறையும் சொல்லாமல் புற்றுநோய்ச் சோதனைக்குச் செலவு கேட்பவர்களின் படிவத்தில் அது விழும். நோயில்லாதவருக்குச் சோதனை எதற்கு என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் முகம் வாடி நிற்பவர்களைக் கண்டால் அக்கா கண்ணாடித் துளைக்கருகே குனிந்து, “வலிக்குதுன்னு போடுங்க” என்பார். சிலர் அதைக் கருணை என்றார்கள். வரிசை நகர வேண்டுமே என்ற கவலையும் அதில் பாதி உண்டு.

பிறகு சட்டம் மாறியது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும் மார்பகச் சோதனையின் செலவை நிறுவனமே முழுதாக ஏற்க வேண்டும். குறை இருக்கிறது என்பவர்கள் மட்டும் பழைய வழியில் போக வேண்டும். அனுமதிக்கே மூன்று வாரம். சுற்றறிக்கையை அக்கா இரண்டு முறை படித்தார். படித்தும் வாய் பழக்கத்தை விடவில்லை. முதல் வாரத்திலேயே பதினோரு பெண்களை ‘வலி’ என்று எழுதவைத்து, பதினோரு பேரையும் அந்த மூன்று வார வரிசையில் தள்ளிவிட்டார்.

“பொய்யைத் திருப்பிப் போடணும்கா,” என்று பக்கத்து கவுண்டர்க்காரன் சிரித்தான். “முன்னாடி நல்லா இருந்தவங்களை நோயாளி ஆக்கினீங்க. இனிமே நோயாளியை நல்லா ஆக்குங்க.”

“வாயை மூடிட்டு வேலையைப் பாருடா,” என்றார் அக்கா. ஆனால் அன்று முழுவதும் எது உண்மை, எது பொய், எது வெறும் படிவம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வாரக் கடைசியில் தங்கை வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பள்ளிச் சீருடை தைக்கும் கடைக்காரி. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். கோப்பு அறையின் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“இடது பக்கம் மணி மாதிரி ஏதோ தட்டுப்படுதுக்கா. ஒருநாள் இருக்கு, ஒருநாள் இல்லை.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா. நீ திட்டுவேன்னுதான் சொல்லல. நீயே தொட்டுப் பாரு. நீ இருக்குன்னு சொன்னா இருக்கு.”

அக்கா தொட்டார். பட்டாணி அளவில் ஏதோ விரலுக்கடியில் நழுவியது. மறுபடி தேடியபோது காணோம். எத்தனையோ ஆயிரம் படிவங்களைப் பார்த்தவருக்கு, ஒரே ஒரு உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்ல வரவில்லை.

சோதனை நிலையத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் மூச்சுவிடாமல் சொன்னாள்: “‘இல்லை’ன்னு இருந்தா திங்கட்கிழமையே அனுப்புங்க மேடம். ஆனா எக்ஸ்ரே படம் மட்டும்தான் எடுப்போம். ‘ஆம்’னு இருந்தா டாக்டரே கைவெச்சுப் பாப்பாங்க, ஸ்கேனும் உண்டு. அனுமதி வரணும், அவ்வளவுதான்.”

“எது நல்லதும்மா?”

“அது நாங்க சொல்லக் கூடாது மேடம்.”

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “இல்லைன்னே போடு. மூணு வாரம் என்னால முடியாது, பயத்துலயே போய்ச் சேர்ந்துடுவேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக்கொடுத்தியே, கூடப் பிறந்தவளுக்கு ஒண்ணு சொல்ல மாட்டியா?”

“பொய்னு யாருடி சொன்னா? இப்பதான் தொட்டேன், இல்லையே.”

“அப்ப முதல்ல இருந்தது?”

அக்கா படிவத்தை அலமாரியின் மேல் வைத்துத் தங்கையின் வயதையும் விலாசத்தையும் கேட்காமலே நிரப்பினார். ஆறாவது வரிக்கு வந்ததும் பேனா ‘இல்லை’ கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘ஆம்’ கட்டத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டு, அடியில் உறவினர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார்.

“ஏன்கா?” என்றாள் தங்கை. அன்று கேட்டாள், பிற்பாடும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அக்கா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.