ஸ்பீடோமீட்டரைச் சுற்றி ஒரு வளையம்

போன ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால், வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் மடியில் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்பீடோமீட்டரின் வளையம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். அறுபதை நெருங்கும் ஒரு மனிதன், கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், பக்கத்து பஸ்ஸில் தொங்குகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, கையில் ஒரு பித்தளை வளையத்தை வைத்துக்கொண்டு கண் கலங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

கார் என்னுடையது இல்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இரண்டு சீட் கார் எங்கிருந்து வரும்? அது என் நண்பன் ஹனீபாவுடையது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தவன். கலஹா பக்கத்துத் தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது அவனுடைய வாப்பா வாங்கிய பழைய இங்கிலாந்துக் கார். ஹனீபாவின் வீடு மேட்டில், படி ஏறித்தான் போக வேண்டும். அதனால் கார் எப்போதும் பேராதனையில் என் வீட்டு ஷெட்டில்தான். ஓட்டுவது அவன், கழுவுவது நான் — அப்படி ஓர் ஒப்பந்தம்.

இப்போது அவனால் ஓட்ட முடியாது. சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், கண்ணுக்குப் போய்விட்டது. ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதும் அதிக நாள் நிற்காது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“மச்சான், அந்தக் காரச் செஞ்சி எடுப்பமா? வாப்பா கொண்டு வந்த நாள்ல எப்பிடி ஈந்திச்சோ, அப்பிடி. கண்ணு முழுசா போக முந்தி ஒருக்கா பாக்கோணும்.”

“கவலப்படாத. ஒரு கொறையுமில்லாம செஞ்சி காட்டுறேன்டா” என்றேன். ‘செஞ்சி காட்டுறேன்’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ‘ஒரு கொறையுமில்லாம’ எனக்கு எதற்கு?

பெயின்ட் முடிந்தது. சீட் தைத்தாயிற்று. எஞ்சின் இருமாமல் ஓடியது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று — டேஷ்போட்டில் ஸ்பீடோமீட்டரைச் சுற்றி இருக்கும் குரோமிய வளையம். பொட்டுப் பொட்டாக உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் புதிதாகிவிட்டதால் அது மட்டும் கண்ணைக் குத்தியது.

கராஜில் கொடுத்திருக்கலாம். இதுக்குப் போய் கராஜா என்று நானே கழற்றி வீட்டுக்குள் கொண்டு போனேன். அது கார்த்திகை விளக்கு வரும் வாரம். மனைவி குசினியில் பழப்புளியும் சாம்பலும் வைத்துக் குத்துவிளக்கு துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அதையும் இங்க போடுங்க. வெளக்கே மின்னுது, இது மின்னாதா?”

நியாயமாகத்தான் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ப் பொச்சால் நானே தேய்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். மிச்சமிருந்த குரோமியமும் சாம்பலோடு சாம்பலாகக் கழன்று போக, உள்ளேயிருந்து மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தது.

“இப்பதாங்க மங்களகரமா இருக்கு” என்றாள். திரி போட வேண்டியதுதான் பாக்கி.

பிறகு தொடங்கியது என் அலைச்சல். மாத்தளை வீதியில் முலாம் போடும் பாஸ் ஒருவர். ஒரு தடவை போனால் கரன்ட் இல்லை. இன்னொரு தடவை முலாம் மருந்து வரவில்லை. அதற்குப் பிறகு எப்போது போனாலும் “ஹெட்ட மஹத்தயா, ஹெட்ட” — நாளைக்கு ஐயா, நாளைக்கு. கடைசியில் வளையத்தைப் போன மாதிரியே திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்டர்நெட்டில் தேடி இங்கிலாந்தில் ஒன்றைப் பிடித்தேன். காத்துக் காத்து வந்து சேர்ந்தது. ஆசையாகப் பிரித்து வைத்துப் பார்த்தால்... மீட்டரை விடப் பெரிது. வேறு மாடலாம்.

ஹனீபா இடையிடையே போன் பண்ணுவான்.

“எப்பிடி மச்சான் வேல?”

“ஒரே ஒரு சின்ன வேலதான்டா பாக்கி.”

“அவசரமில்ல. ஆறுதலா செய்.”

ஒரு நாள் அவன் மனைவி போனை வாங்கினார். “அண்ணன், கார ஒருக்கா கொண்டு வந்து காட்டிட்டுப் போங்களே. எப்பிடி ஈந்தாலும் பரவாயில்ல.” அந்தக் குரலில் என்ன இருந்தது என்று இப்போது விளங்குகிறது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வளையம் சரியாகட்டும்மா.”

நம்முடைய குணமே இதுதானே? வீட்டுக்கு பெயின்ட் அடித்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவோம். நல்ல கோப்பைகள் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். புதுக் கதிரையின் பொலித்தீனை அது தானாகக் கிழியும் வரை கழற்ற மாட்டோம். எல்லாம் சரியாகட்டும், பிறகு காட்டலாம்... காட்ட வேண்டிய ஆள் அதுவரை காத்திருப்பாரா என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

கடைசியில் தோற்றுப்போய், போன ஞாயிறு அந்தப் பித்தளை வளையத்தையே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, பின்னால் மடக்கிப் பிடிக்கும் தகட்டுக் காதுகள் எல்லாம் தளர்ந்து போயிருந்தன. பாலத்துக்கு முன்னால் ஒரு குழி. வளையம் என் மடியில். மீட்டர் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் அது மட்டும் தப்பியது. சுற்றிலும் துருப்பிடித்த விளிம்பும் காய்ந்த பசையுமாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

அக்குறணை வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பழப்புளியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சிக்கடா என்று முடிப்பதாகத் திட்டம்.

படிக்கட்டின் அடியில், மனைவி முழங்கையைப் பிடித்திருக்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹனீபா நின்றான். கையைப் பிடித்து ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கைத் தடவினான். கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

“அடேய்... அந்த வளையம்! மினுங்குதே மச்சான். வாப்பா கொண்டு வந்த நாள் மாதிரியே ஈக்குது.”

அவன் முகம் ஸ்பீடோமீட்டர் பக்கம் இல்லை. இடது கோடியில், சாமான் வைக்கும் பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “மத்தக் கண்ணும் நோம்பு தொடங்க முந்தியே போயிட்டு, அண்ணன். ஒங்களுக்கிட்ட சொல்லாத எண்டார். நீங்க ஆசையாச் செய்றீங்களாம்.”

நோன்புக்கு முன்னால் நான் எங்கே இருந்தேன்? “ஹெட்ட” கேட்டுக்கொண்டு மாத்தளை வீதியில் நின்றேன். அந்தக் காரை அப்படியே மகாவலி ஆற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

“என்ன மச்சான், பேச்சக் காணோம்? நல்லா வந்தீக்கா இல்லியா?”

“நல்லா வந்திருக்குடா” என்றேன்.

வளையம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.