தெற்கு ரதவீதி வீட்டுக்கு வந்த உதவி

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கினேன். டவுனுக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். தெற்கு ரதவீதியில் பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்கப் போகிறார்கள், அதைப் பார்க்க வந்தேன் என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

“இடிக்கத தெனமும் பாக்கேன் சார். பழுது பாக்காவன்னு இப்பத்தான் கேள்விப்படுதேன்” என்றார் அவர், ஈரடுக்குப் பாலத்தில் வண்டியை ஏற்றிக்கொண்டே.

வீட்டுக்காரர் கோமதி பள்ளி ஆசிரியை. கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். கொள்ளுத்தாத்தா கட்டிய மாடி வீடு. பட்டாசல் என்று அவர்கள் சொல்லும் முன்கூடத்தில் தேக்குத் தூண்கள். மாடி முகப்பு முழுக்க மரச்சட்ட ஜன்னல்கள். மேலே மட்டப்பா எனப்படும் மொட்டை மாடியில் மழைநீர் தேங்கித் தேங்கி, உத்திரம் ஒன்றின் முனை உளுத்துப்போயிருந்தது. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது.

நகரங்களின் பழைய தெருக்களில் உள்ள கட்டடங்களைக் காக்க நிதி தரும் சென்னை அறக்கட்டளை ஒன்று இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. செலவில் பாதியை அவர்கள் தருவார்கள். மீதிக்குக் கோமதி வங்கிக் கடன் ஏற்பாடு செய்திருந்தார். சொத்தில் பங்குள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வேலை முடிந்து பத்து வருடத்துக்கு வீட்டை விற்கவோ இடிக்கவோ கூடாது. இவைதாம் நிபந்தனைகள். அறக்கட்டளையின் இதழில் எழுதுவதற்காக என்னை அனுப்பியிருந்தார்கள்.

இன்னொரு பங்கு அண்ணன் சங்கரலிங்கத்துக்கு. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“அண்ணன் மாட்டேன்னு சொல்ல மாட்டாவ. ஆனா நேர்ல போயிக் கேக்கதுதான் மரியாதை. நீங்களும் வாங்க சார்” என்றார் கோமதி.

புதிய பேருந்து நிலையத்தில் பதினோரு மணிக்கு, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகும் பாபநாசம் பேருந்தில் ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டியதும் மேற்கே மலை கூடவே வந்தது. கார் பருவ நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கோமதி வழியெல்லாம் வீட்டைப் பற்றியே பேசினார். முகப்புக்கு என்ன வண்ணம் பூசுவது என்றுகூட முடிவு செய்திருந்தார்.

அண்ணன் இருந்தது இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. சிமெண்ட் ஷீட் கூரையின் மேல் தார்ப்பாயைப் போட்டுச் செங்கல் வைத்திருந்தார்கள். கோமதி விவரம் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

“பத்து வருசமா?” என்று கேட்டார் பிறகு. “எனக்கு அறுபத்தெட்டு ஆகுது கோமதி. இத்தன காலம் மில்லு குவாட்டர்ஸு, இப்ப வாடகை. டவுன் வீட்ட வித்தா என் பங்குல இங்கன சின்னதா ஒண்ணு கெட்டி, ஒன் மதினியச் சொந்த வீட்டுல ஒக்கார வைக்கணும்னு இருக்கேன்.”

“அப்பா இருந்த வீடுண்ணே.”

“இல்லன்னு சொன்னேனா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அந்தச் செவுத்துக்குப் பணம் குடுக்க மெட்ராஸ்லேர்ந்து வாரீய. இந்தக் கூரைக்கு யாரு வருவா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அவ மொகத்தப் பாருங்க. மொதல்ல சாப்பிட விடுங்க” என்று அவர் மனைவி இலையைப் போட்டார். “மதினி, சோறு போதும்” என்று கோமதி கையால் தடுத்தார்.

பேருந்துக்காக நின்றபோது அறக்கட்டளை அதிகாரிக்கு நானே போன் செய்தேன். பத்து வருடத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். பழுதுபார்த்த கையோடு ஒருவர் வீட்டை விற்றுவிட்டார், அதனால் வந்த விதி, எங்களால் தளர்த்த முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது.

திரும்பும்போது, கல்லிடைக்குறிச்சி வந்த பிறகுதான் கோமதி பேசினார். “அண்ணன் கேட்டதுல தப்பே இல்ல சார். தப்பா இருந்தா சண்ட போட்டிருப்பேன்.”

மறுநாள் காலை சங்கரலிங்கம் டவுனுக்கு வந்தார். தங்கை முகத்தைப் பார்த்து சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். “ஒங்க இஷ்டம்ணே. வித்துருவோம்” என்றார் கோமதி. அண்ணன் சரி என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் தூணில் கை வைத்தபடி நின்றார். வெளியே தூறல் விழத் தொடங்கியதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பைய மட்டப்பாவுக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். மழைநீர் வடியும் குழாய் வாயில் அடைத்திருந்த சருகையும் மண்ணையும் கையாலேயே அள்ளி வெளியே போட்டார். தேங்கிய நீர் சலசலவென்று இறங்கியது.

“விக்கப்போற வீட்டுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?” என்று கீழேயிருந்து கோமதி கேட்டார்.

“இருக்குத வரைக்கும் ஒழுகாம இருக்கட்டும்” என்றார் அவர்.

இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டேன். அந்த நிதி வேறொரு ஊரில் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். அதைப் பற்றி எழுத என்னையே அனுப்பவும் கூடும். தெற்கு ரதவீதியில் யாரும் தவறு செய்யவில்லை. வீடு மட்டும் போகப்போகிறது.