மருந்து அடித்த குளத்துப் புழுக்கள்

சென்னையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த என் தம்பி, ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், நெஞ்சு நோயோடு செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்தான். தை முடியும்வரை படுக்கையை விட்டு எழக்கூடாது, எழுந்தால் போடுகிற ஊசியெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் படுத்தான். பிறகு, மதியத்தில் அம்மா கண்ணயர்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, இருமிக்கொண்டே திரும்பி வருவான். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு.

அவனைப் படுக்கவைத்தது மீன்கள்தான். அப்பாவுக்கு ரயில்வே சிக்னல் பிரிவில் உத்தியோகம். அங்கே கழித்துப்போட்ட பாட்டரிகளின் கனத்த கண்ணாடி ஜாடி இரண்டைக் கேட்டு வாங்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். தம்பியைப் பார்க்க வந்த அச்சக நண்பர் ஒருவர் ஒரு ஜோடி சண்டை மீன் தந்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் ஆண் மீன் நுரையால் கூடு கட்டியது. சில நாளில் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிந்தன, அறுந்த நூல் துணுக்குகள் போல.

"இதுங்க பெரிசாகிற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன், போதுமா?" என்றான் அம்மாவிடம்.

அம்மா விடவில்லை. "பெரிசாகன்னா எப்ப?"

"மாசி ஆகும்."

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் சாமி படத்தைப் பார்க்குமுன் ஜாடியைத்தான் பார்த்தாள்.

அந்தக் குஞ்சுகள் உயிரோடு அசைகிற இரையைத்தான் தின்னும். சோற்றுப் பருக்கையையோ பொரியையோ ஏறெடுத்தும் பார்க்காது. முதல் இரண்டு வாரம் வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரில் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளே போதுமாக இருந்தன. அதற்குப் பிறகுதான் சிக்கல். ஓட்டலுக்குப் பின்னால் சாக்கடையில் செம்புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளியும். அதைப்போல மீனுக்கு ஊட்டம் வேறில்லை என்று அச்சக நண்பர் சொல்லியிருந்தார். தம்பி மறுத்துவிட்டான். "சாக்கடையில இருந்து கிருமியைக் கொண்டாந்து அதுங்களுக்கும் குடுக்கணுமா?" என்றான். தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாமல்லபுரம் பக்கம் போய், கழிவெளி ஓரத்து உப்பங்குட்டையிலிருந்து பொடி இறால் போன்ற பூச்சிகளைத் தூக்குவாளியில் கொண்டுவந்தேன். "நம்ம வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்கலைடா" என்றார் அப்பா. நல்ல தண்ணீரில் விட்டதும் அவை செத்து, ஜாடி கலங்கியது. அன்று மாலை முழுவதும் தண்ணீர் மாற்றினோம்.

மிஞ்சியது கொசுப்புழு. காலையில் தாலுகா ஆபீசுக்குப் போகும்முன் ஒரு குளத்தில் வலைத்துணியால் அரித்து எடுத்து வருவது என் வேலையாயிற்று. இப்போது சொல்லப்போகும் நாள் கார்த்திகை தீபத்துக்கு முந்தியா பிந்தியா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அம்மாவிடம் பிறகு கேட்டுச் சரிபார்த்தேன். முந்தி. அன்று குளக்கரையில் நகராட்சி ஆள் ஒருவர் கொசு மருந்து அடிக்கும் பம்ப்பை முதுகில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா சார், மீனா புடிக்கிறே?"

"கொசுப்புழு. வீட்டுல மீன் இருக்கு, அதுக்கு."

"சரியாப் போச்சு. அத்த கொல்றதுக்கு எனக்கு சம்பளம். நீ இன்னான்னா வூட்டுக்குக் கூட்டிகினு போறே." சிரித்துவிட்டு, "கரையோரமா மருந்து அட்ச்சிகீது. இனிமே தண்ணி சுத்தம். குடிச்சாகூட ஒண்ணும் ஆவாது" என்றார்.

"நீங்க குடிப்பீங்களா?"

"நான் டீ குடிக்கிற ஆளு சார்."

வீட்டில் இதைச் சொன்னேன். அன்றே இன்னொரு குட்டையில் அரித்த புழுக்களும் வேறு டப்பாவில் இருந்தன. தம்பி இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வாந்திபேதிக் காலத்தில் கிணற்றில் போடும் பொடியும் எங்களுக்கு மருந்துதான். அவன் உடம்பில் தினமும் ஏறுவதும் மருந்துதான். கொசுவுக்கு அடிப்பதற்கும் அதே பெயர். மருந்து பட்ட தண்ணீரில் கிருமி இருக்காது என்று அவன் முடிவுகட்டியதில் எங்கள் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. போதாததற்கு, அந்தக் குளத்துப் புழுக்கள் மற்றவற்றைவிட மும்முரமாகத் துள்ளின.

"பாருண்ணா, எவ்வளவு சுறுசுறுப்பு. இதையே போடு."

போட்டேன். குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது தம்பி கட்டில் விளிம்பில் தாடையை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான். குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு உதற, வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஜாடியில் இருந்த தண்ணீரையெல்லாம் அம்மா மாற்றிவிட்டாள். விளக்கு வைக்கும்போது அடியில் ஒரு படலமாகக் கிடந்தன. பெரிய ஆண் மீன் மட்டும் சற்று நேரம் தாக்குப்பிடித்தது.

"சுறுசுறுப்புன்னு நெனச்சேன். வலிப்பு அது" என்றான்.

"வேற ஜோடி வாங்கிக்கலாம்டா" என்றாள் அம்மா.

"நான் சொன்னது இதுங்களுக்குத்தான்மா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அப்பா அதட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் போய்விட்டான். மார்கழி முழுவதும் நின்றபடி எழுத்துக் கோத்தான் என்று நண்பர் சொல்லி அறிந்தோம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த நண்பரே வந்தார். அச்சகத்தில் இரத்தமாக வாந்தியெடுத்தானாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். அப்பாவும் நானும் அவரோடு அடுத்த ரயிலில் போனோம். வார்டில் அவர் காட்டிய கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். அப்பா அந்த ஆளிடம் போய், தம்பியின் பெயரைச் சொல்லி, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்.

"இப்பதான். முன்ன இருந்தவரை விடியக்காலையிலதான் எடுத்தாங்களாம்" என்றார் அவர்.