ரெண்டு விரலில் எவ்வளவு வேகம்

என் வீட்டுக்காரருக்கு திருவொற்றியூரில் லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையோ கோயில் விசேஷமோ வந்தால் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். கல்யாணமாகி வந்த புதுசில் அந்த பேஸ் எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. கச்சேரியில் முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் விரல் அசையும். சத்தம் எது என்று காதால் தேடுவேன், கிடைக்காது. ஒருநாள் கரன்ட் கோளாறில் அவருடைய ஸ்பீக்கர் பெட்டி மட்டும் அணைந்துபோனது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, இந்த மனுஷர் காதுக்கு வாசிக்கவில்லை, காலுக்கு வாசிக்கிறார் என்று.

என் தம்பியும் அதே குழுவில்தான். அவன் லீட் கிட்டார். காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டுகிறான். காலையில் லோடு இறக்கிவிட்டு மீன் வாசனையோடேயே எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவான். வந்ததும் மாமாவும் மச்சானும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"மாமு, உன்னுதுல இருக்கிறதே நாலு கம்பி. அதுலயும் ரெண்டத்தான் தொடுற. மீதி ரெண்ட வாடகைக்கு வுட்டுடேன்."

"உன்னுதுல ஆறு கீது. ஆறையும் போட்டு அடிக்கிற. எந்தப் பாட்டுன்னுதான் தெரிய மாட்டேங்குது."

"வேகம்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? நான் ஒரு ரவுண்டு வாசிச்சு முடிச்சு டீ குடிச்சிட்டு வந்தாலும் நீ அதே எடத்துல டொம்மு டொம்முன்னுகினு இருப்ப."

"யாராவது அங்க இருக்கணுமில்ல. இல்லாங்காட்டி நீ எங்க திரும்பி வருவ?"

நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சிரிப்பேன். இது தினம் நடக்கிறது.

போன ஆடிக்கு முன்னால்தான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், யாரையும் மனம் நோகப் பேசமாட்டார். அவர் ஒத்திகையில் சொல்லியிருக்கிறார்: "அண்ணே, இப்ப பசங்க கேக்குற பாட்டெல்லாம் ரொம்ப வேகம். உங்க விரலைக் கஷ்டப்படுத்த வேணாம். பேஸை நானே கீபோர்டுல இடது கையால வாசிச்சுக்கலாம்னு பாக்குறேன். ஆடி முடியட்டும், பேசிக்கலாம்."

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். "ஆடியோட நம்மளுது அவ்ளோதான்னு நெனைக்கிறேன்மே" என்று சிரித்தார். சாப்பிடும்போது குழம்பில் உப்பு இல்லை. அதை அவர் சொல்லவே இல்லை. நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்குள் நிற்கிற மனுஷர். தலையில் எண்ணெய் வைத்து வாரி, அந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதுதான் அவர் முகமே வேறு முகமாக இருக்கும். அது இல்லாமல் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தம்பிக்கு வாய்தான் அப்படி. விஷயம் தெரிந்ததும் மறுநாள் கிட்டாரோடு வந்து நின்றான். "மாமு, உன் ஸ்பீடு இன்னான்னு அளந்துடலாம். எங்க மாட்டுதுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்" என்றான். அவன் போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஒன்று இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை டிக் வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஒரு டிக்குக்குள் நாலு தட்டு வாசிக்க வேண்டும், அதுதான் கணக்கு. போனை என் அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்தான். மூடியில் பட்டு டிக் இன்னும் பெரிதாகக் கேட்டது.

தம்பி கையில் பிக் என்று சின்ன பிளாஸ்டிக் வில்லை இருக்கிறது. அதைக் கீழே ஒருதரம், மேலே ஒருதரம் இழுத்தால் ரெண்டு தட்டு ஆகிவிடுகிறது. கம்பியும் மெல்லிசு. இவருக்கு அதெல்லாம் கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கிற மாதிரி வாசிக்க வேண்டும். கம்பி ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் கம்பி கனத்துக்கு இருக்கும். நூறில் சுகமாகப் போனார். நூற்றிருபதில் முழங்கைக்குக் கீழே நரம்பு எழுந்தது. நூற்று முப்பதில் ரெண்டு விரலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வேகமாகப் போகப் போக, தனித்தனித் தட்டாகவும் கேட்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் போகிற கன்டெய்னர் லாரி வாசலில் நின்று உறுமுகிற மாதிரி ஒரே உறுமல். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் நடுங்கின.

தம்பி நூற்று எழுபது வரைக்கும் போய்க் காட்டினான். "பாத்தியா" என்று அவன் சொல்ல, இவர் பேஸைக் கழற்றி அவன் மடியில் வைத்தார். "இதுல வாசி." வாசித்தான். நூறைத் தாண்டுவதற்குள் விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்து ஊதினான்.

"இன்னா மாமு, இது கம்பியா, கம்பி வேலியா?"

பத்து நாள் அந்த டிக்கோடு மல்லுக்கட்டினார்கள். அந்த நூற்று முப்பது நகரவே இல்லை. நான் படித்தது எட்டாவது. சங்கீதத்துக்கு வழி சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்த வழியில் போனேன். எங்கள் தெரு அம்மனிடம், கூழ் ஊற்றுகிற நாள் வரைக்கும் ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று வேண்டிக்கொண்டேன். "தாயே, அவர் விரலுக்கு வேகம் குடு." அந்தக் கீபோர்டுக்காரருடைய இடது கையைப் பற்றியும் ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாவம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று விழுங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கூழும் கருவாட்டுக் குழம்பும் ஆனதும் சாயங்காலம் கோயில் வாசலிலேயே கச்சேரி. பிள்ளையார் பாட்டு முடிந்ததும் அம்மன் பாட்டு. அது மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக வேகம் எடுக்கிற பாட்டு. கீபோர்டுக்காரர் ஆசைப்பட்டதும் அதைத்தான். தன் இடது கையும் இவர் பேஸும் சேர்ந்து போகட்டும், யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். இவரும் சரி என்றிருந்தார். நான் பெரிய பெட்டிக்குப் பக்கத்தில், அவர் விரல் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். கையில் கற்பூரத் தட்டு. பம்பைக்காரர்களும் மேடையோரம் சேர்ந்துகொண்டார்கள். பேஸ் சத்தம் பாதத்தில் ஏறி நெஞ்சுக்குள் இடித்தது. யாரோ பக்கத்தில் வேப்பிலையைக் கசக்கினார்கள்.

அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்குச் சாமி வருவது புதுசு இல்லை. ஆனால் நாலைந்து வருஷமாக வரவில்லை. இனி வராது என்றுதான் நினைத்திருந்தேன். கண் தெளிந்து பார்த்தபோது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். புடவையெல்லாம் மஞ்சத்தண்ணி. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வாசிச்சாராக்கா?" இதைத்தான் முதலில் கேட்டேன்.

"வாசிச்சாராவா? அந்த மனுசன நீ வுட்டியா? ஒரேடியா பெண்டு கழட்டிட்ட."

நான் பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் அரைவயிறாக இருந்த கச்சேரியை, அதே இடத்தில் நின்றுகொண்டு நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். தம்பி அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னான். இவர் ரெண்டு விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, இடது கையால் டீ குடித்தார்.

சாமி வந்துவிட்டால் அப்புறம் பாட்டு மேடையில் இல்லை. சாமி ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் டிரம்ஸும் பம்பையும் அடிக்க வேண்டும், அது வழக்கம். கற்பூரம் காட்டிச் சாமி மலையேறுகிற வரைக்கும் வாத்தியம் நிற்கவும் கூடாது. வீடியோவில் இருந்தது என் உடம்புதான், ஆனால் எனக்கே பயமாக இருந்தது. சடசடவென்று ஆடுகிறது. திடீரென்று நின்று தலையை மட்டும் சுழற்றுகிறது. நின்ற இடத்திலிருந்தே ஒரே பாய்ச்சலாகப் பழைய வேகத்துக்கு மேலே போகிறது.

"இங்க பாருக்கா, இதான் என் பிக்கு பறந்த எடம்" என்றான் தம்பி. "குனிஞ்சு தேடிகினு கீறேன் பாரு. இப்ப கீபோர்டுக்காரரப் பாரு."

பார்த்தேன். முதலில் இடது கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் வலது கை தனியாக ஓடியது. அப்புறம் அதையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேடையில் டிரம்ஸ்காரரும் இவரும்தான் மீதி. இவர் கிட்டாரைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"உன் பொண்டாட்டியே உனக்குப் பரிட்சை வச்சிட்டா மாமு."

"வச்சது இவ இல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாங்க, கை வலிச்சா நிறுத்திருக்கலாமில்ல" என்றேன்.

"எப்படிமே நிறுத்துறது? உன் தம்பி பிக்கு பொறுக்கப் போயிட்டான். அவரு கும்புட்டுக்கினு நின்னுட்டாரு. நானும் வுட்டா சாமி சும்மா வுடுமா? பயத்துல வாசிச்சேன்."

தம்பிக்கு மனம் ஆறவில்லை. தன் போனில் டிக் டிக்கைத் திறந்து, வீடியோவில் என் காலுக்குச் சரியாகத் திரையில் விரலால் தட்டினான். அப்படித் தட்டினால் வேகம் எவ்வளவு என்று அது சொல்லுமாம். தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினான். திரும்பவும் தட்டினான்.

"நூத்திப் பத்து. அப்புறம் நூத்தி இருவத்தஞ்சு. ஒரே ஒரு எடத்துலதான் நூத்தி நாப்பது. இது இன்னாடா பேஜாரு? இதுல நான் தூங்கிகினே வாசிப்பேனே."

"பின்ன ஏன்டா நின்ன?" என்று கேட்டேன்.

போனைக் கீழே வைத்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். "இந்த டிக்கு அடுத்தது எங்க வுழும்னு தெரியும்க்கா. உன் காலு எங்க வுழும்னு எவனுக்குத் தெரியும்? நான் வேகமா போயிட்டேன். திரும்பிப் பாத்தா நீ அங்க இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றார் இவர், டம்ளரைப் பார்த்தபடியே. "கால் தூக்கறதுக்கு முன்னாடி இவளுக்கு இடது தோள் ஒரு சாய்ப்பு சாயும். தண்ணிக் குடம் தூக்கும்போதும் அப்படித்தான். தோளப் பாத்தேன், வாசிச்சேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அடுப்பில் பால் இல்லை, இருந்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அங்கிருந்தே கேட்டது. தம்பி வீடியோவைத் திரும்பவும் போட்டு, "மாமு, அந்த நூத்தி நாப்பதுல நீ நாலு தட்டு தட்டல. ரெண்டுதான் தட்டுற. ஏமாத்து வேல" என்றான்.

"ஆமா, ரெண்டுதான். என் விரலு அவ்ளோதான் போவும். மீதி ரெண்ட நீ குடுப்பன்னு பாத்தேன். நீதான் மேடைக்கு அடியில கீறியே."

தம்பி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அவன் தலையில் தட்டப் போன எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை. நான் கேட்டது விரலுக்கு வேகம். நூற்று முப்பது இன்றைக்கு வரைக்கும் நூற்று முப்பதுதான். அம்மன் அதைத் தொடவே இல்லை. தன் வழியில் வந்து தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரியவள் செய்கிற காரியத்துக்கு நாம் வழி சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கீபோர்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். வேண்டுதல் முடிந்ததே தவிர, அவர் வாயிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லையே. காபி கொடுத்தேன். பாதி குடிக்கிற வரைக்கும் மழை வருமா வராதா என்றே பேசினார்.

அப்புறம், "அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை எண்ணூர் குப்பத்துல அம்மன் கோயில் ப்ரோக்ராம்" என்றார். "ஆடிக்கு அப்புறமும் தேதி குடுத்திருக்காங்க. எல்லாத்துக்கும் நீங்கதான் பேஸ்."

"உங்க இடது கை?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"அது சும்மா இருக்கட்டும்ணே. நேத்து அது எங்க போச்சுன்னு எனக்கே தெரியல."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். கீபோர்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஒண்ணே ஒண்ணு அண்ணி. எண்ணூருக்கு வந்தா, நீங்க தயவுபண்ணி அந்தப் பெட்டிப் பக்கத்துல நிக்காதீங்க."

"பின்னாடியே நிக்கிறேன்" என்றேன். "ஆனா அவ வர்றதும் வராததும் என் கையிலயா கீது?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் என் வீட்டுக்காரர் பிளாஸ்திரி விரலோடு பேஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பி போனைத் தேடினான்.

"டிக்கு வேணாம்டா" என்றார். "நீ எழுந்து ஆடு."